ஜேம்ஸ் ஆபர்கிராம்பி

ஜேம்ஸ் ஸ்மிதர் ஆபர்கிராம்பி (ஜூலை 7, 1891 – ஜனவரி 7, 1975) ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த எண்ணெய்த் தொழில் முனைவரும், கண்டுபிடிப்பாளரும், கொடையாளரும் ஆவார். எண்ணெய்க் கிணறு தோண்டும்பொழுது நிலத்தடி அழுத்தத்தால் எண்ணெயும் எரிவாயுவும் கட்டுக்கடங்காமல் பீறிட்டு எழுவதுண்டு. அதைக் கிணற்றின் வாயிலேயே அடக்கி நிறுத்தும் பீறல் தடுப்பான் என்னும் கருவியை, ஹாரி கேமரன் என்ற இயந்திரப் பட்டறை உரிமையாளருடன் சேர்ந்து 1922-ஆம் ஆண்டு இவர் வடிவமைத்தார். ஆங்கில வழக்கில் புளோஅவுட் பிரிவென்டர் எனப்படும் இக்கருவியை எண்ணெய் வயல்களில் பி.ஓ.பி என்றே சுருக்கி அழைப்பர். நிலத்திலும் கடலிலும் இன்று தோண்டப்படும் எண்ணெய்க் கிணறுகளில் இக்கருவியின் வழிவந்த வடிவங்களே பொருத்தப்படுகின்றன. ஹியூஸ்டன் நகரில் உள்ள டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனை உருவாக முதன்மைக் கொடையாளராக விளங்கியவரும் இவரே.

இளமையும் தொழிலும்

ஆபர்கிராம்பி டெக்சாசின் ஹன்ட்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். கல்லூரியில் பொறியியல் பயின்றவர் அல்லர். இளவயதிலேயே ஹியூஸ்டனை அடுத்த கூஸ் கிரீக் எண்ணெய் வயலில் எடுபிடி ஆளாக வேலைக்குச் சேர்ந்தார். குழாய் தூக்குவது, சேறு கலக்குவது, இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவது என எல்லா வேலைகளும் ஓர் எடுபிடி ஆளின் கையில் வந்து சேரும். அங்கிருந்து துளையிடுபவராக உயர்ந்து, பிறகு சொந்தமாகத் துளையிடும் பொறிகளை வாங்கி ஒப்பந்த அடிப்படையில் கிணறு தோண்டிக் கொடுக்கத் தொடங்கினார். முப்பது வயதை எட்டுவதற்குள் பல துளைப்பொறிகளுக்கு உரிமையாளராகிவிட்டார். தொழிலாளர்களும் நண்பர்களும் பிற்காலத்தில் இவரை மிஸ்டர் ஜிம் என்றே அழைத்தனர்.

இவருடைய கண்டுபிடிப்பின் அருமையை உணர, அக்கால டெக்சாஸ் எண்ணெய் வயல்களின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். 1901 ஜனவரி 10 அன்று பியூமான்ட் நகருக்கு அருகில் ஸ்பிண்டில்டாப் குன்றில் தோண்டப்பட்ட கிணறு ஒன்று திடீரென்று பீறிட்டது. நூறு அடிக்கும் மேலான உயரத்துக்கு எண்ணெய் பாய்ந்தது. அதை அடைக்க ஒன்பது நாட்கள் ஆயின. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பீப்பாய் எண்ணெய் வெளிவந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆபர்கிராம்பிக்கு அப்போது வயது ஒன்பது. எண்ணெய் வானளாவப் பீறிடுவதைச் செல்வம் கொட்டுவதன் அடையாளமாகவே அந்தத் தலைமுறை பார்த்தது. அதன் முன் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் துளைமேடையில் நிற்பவனுக்கு அது கொண்டாட்டம் அன்று. பீறலோடு கற்களும், சில வேளைகளில் இரும்புக் குழாய்களும் மேலே எறியப்படும். கல்லும் இரும்பும் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், எரிவாயு தீப்பிடித்துவிடும். பொறியும் கருவியும் உருகிப்போகும், ஆட்களும் மாள்வர். ஆபர்கிராம்பி இத்தகைய கிணறுகளின் மேடையில் நின்று வேலை செய்தவர், பின்னர் ஆட்களை அங்கே நிறுத்தியவர். பொறி எரிந்தால் நட்டமும் அவருடையதே.

பீறல் ஏன் நிகழ்கிறது

திருவண்ணாமலை போன்ற கடும்பாறைப் பகுதிகளில் குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறு தோண்டுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அங்கே காற்றழுத்திப் பொறியால் காற்றைச் செலுத்தி, பாறைத் தூளை வெளியே ஊதித் தள்ளுவர். பாறை வெடிப்புகளில் உள்ள நீர் மெல்லக் கசிந்து துளையை நிரப்பும். பெரும்பாலும் தானாக மேலே வராது, மோட்டார் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். எல்லா நிலமும் இப்படி இருப்பதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அந்நீரை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து நீர் புகாமல் இருக்கும். எண்ணெயும் எரிவாயுவும் அடைபட்டுக் கிடக்கும் பாறை அடுக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஆழமும் அழுத்தமும் பன்மடங்கு மிகுதி.

இந்த அழுத்தத்தைச் சமாளிக்க எண்ணெய்க் கிணற்றில் காற்றுக்குப் பதில் துளைச்சேறு பயன்படுகிறது. களிமண், நீர், வேறு சில பொருட்கள் கலந்த இச்சேற்றைத் துளைக்குழாயின் உள்வழியாகக் கீழே செலுத்துவர். அது துளைமுனையைக் குளிர்வித்து, பாறைத் துகள்களை ஏந்திக்கொண்டு குழாய்க்கும் துளைச்சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாக மேலே வரும். இவற்றைவிட முதன்மையான இன்னொரு பணியும் சேற்றுக்கு உண்டு. தன் எடையால் கிணற்றின் அடியை அழுத்திக்கொண்டிருப்பதே அது. 3,000 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம் அழுத்தம் தரும். நீரைவிட 1.2 மடங்கு அடர்த்தியுள்ள சேறாயின் அது 360 கிலோகிராம் ஆகும். இன்னும் கனம் வேண்டுமென்றால் பாரைட் என்னும் கனமான தாதுவைப் பொடித்துக் கலப்பர். ஆந்திராவின் மங்கம்பேட்டையில் உள்ள புகழ்பெற்ற பாரைட் படிவு உலகெங்கும் இந்தத் தேவைக்காகவே ஏற்றுமதியாகிறது.

சேற்றின் அழுத்தம் பாறை அடுக்கின் அழுத்தத்தைவிடச் சற்று மிகுந்திருக்கும் வரை கிணறு அமைதியாக இருக்கும். சேற்றின் அடர்த்தி குறைந்தாலோ, பாறைப் பிளவில் சேறு வடிந்து மட்டம் இறங்கினாலோ, குழாயை வெளியே இழுக்கும்பொழுது அது அடைத்திருந்த இடத்தை நிரப்பப் புதுச்சேறு ஊற்றத் தவறினாலோ தராசு மறுபக்கம் சாயும். எரிவாயு கிணற்றுக்குள் நுழையும். இதை எண்ணெய்த் தொழிலில் கிக், அதாவது உதை என்பர். முதலில் இது சிறு அளவே. ஆனால் 300 வளிமண்டல அழுத்தத்தில் உள்ளே புகுந்த ஒரு குடம் வாயு, மேலே வர வர விரிந்து, தரைமட்டத்தில் ஏறத்தாழ முந்நூறு குடமாகிவிடும். விரியும் வாயு தனக்கு மேலுள்ள சேற்றைத் தள்ளி வெளியேற்றும். சேறு குறையக் குறைய அழுத்தம் இன்னும் தாழும். மேலும் வாயு நுழையும். மேடையில் நிற்பவர்களுக்கு இதைத் தடுக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் கிணற்றின் வாயை இறுக மூடிவிட்டால், பிறகு பொறுமையாகக் கனமான சேற்றைச் செலுத்திக் கிணற்றை அடக்கலாம்.

1920-க்கு முன்னரும் கிணற்று வாயை மூடுவதற்குச் சில கருவிகள் இருந்தன. அவை உயர் அழுத்தத்தைத் தாங்கவில்லை. குழாய் உள்ளே நிற்கும்பொழுது அதைச் சுற்றி இறுக்கமாக மூடுவதும் கடினமாக இருந்தது. உதை வரும் நேரத்தில் பெரும்பாலும் குழாய் கிணற்றுக்குள்தான் இருக்கும் என்பதால் இக்குறை சிறியதன்று.

கேமரன் இரும்புப் பட்டறை

ஆபர்கிராம்பியின் துளைப்பொறிகள் அடிக்கடி பழுதாகும். அவற்றைச் செப்பனிட அவர் நாடிய இடம் ஹியூஸ்டனுக்கு வடக்கே அம்பிள் என்ற ஊரில் ஹாரி கேமரன் நடத்திய பட்டறை. கேமரன் கைதேர்ந்த கடைசல் வேலைக்காரர். வாய்மொழியாகச் சொன்னாலே உறுப்பைச் செய்து தரக்கூடியவர். வாடிக்கையாளராக வந்த ஆபர்கிராம்பி 1920-இல் கேமரனுடன் பங்காளியாகிக் கேமரன் அயர்ன் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணெய் வயல்களுக்குத் தேவையான கருவிகளைச் செய்வதும் பழுதுபார்ப்பதுமே அதன் தொழில். பிற்காலத்தில் நிறுவனத்தை வழிநடத்தி வளர்த்தவர் ஆபர்கிராம்பியே என்றாலும் அதன் பெயர் கேமரன் என்றே நிலைத்தது. எனவே எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்களுக்குக்கூடக் கேமரன் என்ற பெயர் தெரிந்த அளவுக்கு ஆபர்கிராம்பியின் பெயர் தெரிவதில்லை.

மரத்தூளில் வரைந்த படம்

1922-இல் ஒரு நாள் ஆபர்கிராம்பி பட்டறைக்கு வந்து, தன் மனத்தில் இருந்த கருவியின் அமைப்பை மரத்தூள் பரப்பிய தரையிலேயே வரைந்து கேமரனுக்கு விளக்கினார் என்பது இத்துறையில் பலமுறை சொல்லப்படும் செய்தி. கேமரன் அதைச் செய்துபார்க்க இசைந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1926 ஜனவரி 12 அன்று 1,569,247 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை இருவர் பெயரிலும் வழங்கப்பட்டது.

கருவியின் கருத்து எளிமையானது. ஏரி மதகில் பலகையை இறக்கி நீரை நிறுத்துவதை ஒத்தது எனலாம். மதகுப் பலகை மேலிருந்து கீழே இறங்கும். இங்கே பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு எஃகுக் கட்டைகள் கிடைமட்டமாக நகர்ந்து கிணற்று வாயின் நடுவில் சந்திக்கின்றன. இக்கட்டைகளுக்கு ஆங்கிலத்தில் ராம் என்று பெயர். ஆட்டுக்கடாவையும் அச்சொல் குறிக்கும். இரண்டு கடாக்கள் எதிரெதிரே ஓடிவந்து தலையோடு தலை முட்டி நிற்பதை எண்ணிக்கொண்டால் பெயர் மறக்காது. ஒவ்வொரு கட்டையின் முன்முகத்திலும் அரைவட்டக் குடைவு இருக்கும். இரண்டும் சேரும்பொழுது குடைவுகள் இணைந்து முழுவட்டமாகித் துளைக்குழாயைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். கிணற்றில் குழாய் இல்லாத நேரத்தில் மூடுவதற்குக் குடைவு இல்லாத கட்டைகள் பயன்படும். முதல் வடிவத்தில் கட்டைகளைத் திருகாணித் தண்டுகள் முன்னே தள்ளின. தண்டுகளைக் கையால் சுழற்ற வேண்டும். அதற்கு எம்.ஓ என்று பெயரிட்டனர்.

எளிய கருத்தாயினும் அதைச் செய்து முடிப்பது எளிதன்று. கட்டைக்கும் குழாய்க்கும் இடையே நூலளவு இடைவெளி இருந்தாலும், மணல் கலந்த எண்ணெய் அதன் வழியே பாய்ந்து எஃகையே அரித்துவிடும். ஆகவே கட்டையின் முகத்தில் இறுகி ஒட்டும் அடைப்புப் பொருளைப் பதிக்க வேண்டும். அது அழுத்தத்தால் பிதுங்கி வெளியேறவும் கூடாது. முதல் கருவி சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம் வரை தாங்கியது. மகிழுந்துச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு இது. 8 அங்குல விட்டமுள்ள வாயை மூடிய கட்டைகளின் மீது இந்த அழுத்தம் தரும் விசையைக் கணக்கிட்டால் சுமார் 68 டன் வரும். அக்காலத்தில் வேறு எந்தத் தடுப்பானும் இந்த அளவைத் தொட்டதில்லை.

இக்கண்டுபிடிப்பில் யாருக்குப் பங்கு மிகுதி என்ற கேள்வி எழுவது இயல்பு. எங்கே மூட வேண்டும், எவ்வளவு விரைவாக மூட வேண்டும் என்பது துளைமேடையில் நின்றவனுக்கே தெரியும். அதை 3,000 பவுண்டு அழுத்தத்தில் கசியாமல் செய்து தருவது கடைசல் பட்டறையில் கை பழகியவனால்தான் ஆகும். காப்புரிமை இருவர் பெயரிலும் இருப்பது பொருத்தமே.

பயன்பாடு பரவுதல்

கேமரன் நிறுவனம் 1924-இல் இக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எல்லாரும் உடனே வாங்கிவிடவில்லை. பீறலை நல்ல வாய்ப்பாகக் கருதிய பழைய மனப்போக்கு எளிதில் மாறவில்லை. பாதுகாப்புக்கென்று தனியாகச் செலவு செய்யும் வழக்கமும் ஒப்பந்தக்காரர்களிடையே குறைவு.

மனம் மாறக் காரணமான நிகழ்வுகளுள் ஒன்று ஓக்லஹோமா நகரில் நடந்தது. 1930 மார்ச் 26 அன்று மேரி சுடிக் என்பவருடைய நிலத்தில் தோண்டப்பட்ட கிணற்றில், களைத்துப்போயிருந்த பணியாளர்கள் குழாயை வெளியே இழுக்கும்பொழுது கிணற்றைச் சேற்றால் நிரப்பத் தவறினர். எரிவாயு பீறிட்டுக் குழாய்களை மேலே எறிந்தது. 11 நாட்கள் அதை அடக்க முடியவில்லை. காற்றில் பரவிய எண்ணெய்த் துளிகள் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நார்மன் நகர் வரை வீடுகளின் மீது படிந்தன. தீப்பிடிக்காமல் தப்பியது நற்பேறே. மக்கள் குடியிருப்புகளை ஒட்டி நடந்த இந்தப் பீறல் வானொலியிலும் திரைச்செய்திப் படங்களிலும் நாடெங்கும் பரவியது. அதன் பிறகு பீறல் தடுப்பான் இல்லாமல் உயர் அழுத்த வயல்களில் தோண்டுவதற்கு நியாயம் சொல்வது கடினமாயிற்று.

ஆபர்கிராம்பியும் கேமரன் நிறுவனப் பொறியாளர்களும் கருவியைத் தொடர்ந்து மேம்படுத்தினர். கையால் சுழற்றும் தண்டுகளுக்குப் பதிலாக நீர்ம அழுத்தத்தால் தள்ளும் உருளைகள் வந்தன. இதனால் மேடையிலிருந்து விலகி நின்றே மூட முடிந்தது. எரியும் கிணற்றின் அடியில் சென்று சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய நிலை ஒழிந்தது. பிற நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. அவற்றுள் ஹைட்ரில் நிறுவனத்தின் கிரான்வில் நாக்ஸ் 1952-இல் காப்புரிமை பெற்ற வளையத் தடுப்பான் குறிப்பிடத்தக்கது. அது தடித்த ரப்பர் வளையத்தைப் பிசைந்து குழாயைச் சுற்றி இறுக்குவது. எந்த அளவுக் குழாய்க்கும் பொருந்தும். இக்காலக் கிணறுகளில் வளையத் தடுப்பானை மேலேயும் ராம் வகைத் தடுப்பான்கள் பலவற்றை அதன் கீழேயும் அடுக்கடுக்காக வைக்கின்றனர். குழாயையே வெட்டித் துண்டித்து மூடும் வெட்டுக்கட்டைகளும் அந்த அடுக்கில் இடம்பெறும். வேறு எதுவும் பலிக்காதபோது கடைசியாகக் கையாளும் வழி அது.

ஓல்ட் ஓஷனும் போர்க்காலமும்

கருவி உற்பத்தியோடு எண்ணெய் தேடுவதையும் ஆபர்கிராம்பி கைவிடவில்லை. டான் ஹாரிசன் என்பவருடன் சேர்ந்து 1934-இல் டெக்சாஸ் கடற்கரையை ஒட்டிய ஓல்ட் ஓஷன் எண்ணெய் வயலைக் கண்டறிந்தார். இது பெரிய வயல். இவருடைய செல்வத்தின் பெரும்பகுதிக்கு ஊற்று இதுவே. இரண்டாம் உலகப்போரின்போது இவருடைய நிறுவனம் அவ்வட்டாரத்தில் உயர்தர விமானப் பெட்ரோல் தயாரித்தது. அதே காலத்தில் கேமரன் பட்டறை, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தாக்கும் ஆழக்குண்டுகளை எறியும் கருவிகளை அமெரிக்கக் கடற்படைக்குச் செய்து கொடுத்தது.

கொடைகள்

ஹியூஸ்டனில் குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று மருத்துவர்கள் சிலர் 1940-களின் பிற்பகுதியில் முயன்றபோது, அதற்குப் பொருளுதவி செய்வதில் ஆபர்கிராம்பி முன்னின்றார். டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனை 1954-இல் திறக்கப்பட்டது. இவர் தொடங்கிவைத்த பின் ஓக் குதிரைக் காட்சியின் வருவாயும் அம்மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது. அமெரிக்காவின் பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளுள் ஒன்றாக அது பின்னர் வளர்ந்தது.

பொறியியல் பட்டம் பெறாத இவர் பெயரால் ஹியூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆபர்கிராம்பி பொறியியல் ஆய்வகம் 1948-இல் அமைந்தது. பல தலைமுறை மாணவர்கள் பயின்ற அக்கட்டடம் பிற்காலத்தில் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் புதிய ஆய்வுக் கட்டடம் எழுந்தது.

இவருடைய மனைவி லில்லி பிராங்க். ஒரே மகள் ஜோசபின் ஆபர்கிராம்பி (1926–2022) குதிரை வளர்ப்பில் புகழ்பெற்றவர்; கென்டக்கி மாநிலத்தில் பின் ஓக் குதிரைப் பண்ணையை நடத்தினார்.

மறைவும் நிறுவனத்தின் பின்வரலாறும்

ஆபர்கிராம்பி 1975 ஜனவரி 7 அன்று தமது 83-ஆம் வயதில் ஹியூஸ்டனில் காலமானார். கேமரன் அயர்ன் ஒர்க்ஸ் 1989-இல் கூப்பர் நிறுவனத்தின் வசம் சென்றது. 1995-இல் கூப்பர் கேமரன் என்றும், 2006-இல் கேமரன் இன்டர்நேஷனல் என்றும் பெயர் மாறியது. 2016-இல் சுலும்பெர்கர் நிறுவனம் அதை வாங்கியது. முதல் ராம் வகைப் பீறல் தடுப்பானை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2003-இல் வரலாற்றுச் சிறப்புமிக்க பொறியியல் சின்னமாக அறிவித்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து இக்கருவி வேறொரு காரணத்தால் உலகச் செய்தியானது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் மிதக்கும் துளைமேடை வெடித்தது. 11 பேர் இறந்தனர். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் கடலடியில் இருந்த கிணற்றின் வாயில் கேமரன் நிறுவனத்தின் பீறல் தடுப்பான் அடுக்கு பொருத்தப்பட்டிருந்தது. அதன் வெட்டுக்கட்டைகள் குழாயை முழுவதும் வெட்டி மூடத் தவறின. கிணற்றின் உள்விசையால் குழாய் வளைந்து நடுவிலிருந்து ஒதுங்கிவிட்டதால் கட்டைகளின் வெட்டு வாய்க்குள் அது முழுமையாக அகப்படவில்லை என்று ஆய்வுகளில் தெரியவந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றில் மின்கல வலுக்குறைவும், மற்றொன்றில் மின்கம்பி இணைப்புப் பிழையும் இருந்ததையும் விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். எண்ணெய்க் கசிவை நிறுத்த 87 நாட்கள் ஆயின. கேமரன் நிறுவனம் 2011 டிசம்பரில் கிணற்றின் உரிமையாளரான பி.பி நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

ஆபர்கிராம்பி வரைந்த அடிப்படை அமைப்பில் இந்த விபத்து பிழை காட்டியதாகக் கொள்ள முடியாது. அவருடைய கருவியில் கட்டைகள் குழாயை அணைத்து மூடின. வெட்டுவது பிற்காலத்துச் சேர்க்கை. மேலும் அவருடைய கருவியைப் பணியாளர்கள் கண்ணால் பார்த்துக் கையால் இயக்கினர். ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், யாரும் நெருங்க முடியாத இடத்தில், மின்கம்பியையும் மின்கலத்தையும் நம்பி இயங்கும் கருவிக்கு வேறு வகையான சோதனைமுறைகள் தேவைப்பட்டன. அவை போதிய அளவில் இல்லை என்பதே விசாரணைகளின் சாரம். இதன் பின்னர் அமெரிக்க அரசு கடல்சார் கிணறுகளின் பீறல் தடுப்பான்களுக்கான விதிகளை இறுக்கியது.

இந்தியாவில்

அசாமின் டிக்பாயில் 1889-இல் எண்ணெய் கண்டறியப்பட்ட காலத்தில் இத்தகைய கருவி உலகில் எங்கும் இல்லை. தற்பொழுது இந்தியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் பீறல் தடுப்பான் பொருத்துவதும், அதைக் குறித்த இடைவெளிகளில் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவதும் 2017-ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சுரங்க விதிகளின்படி கட்டாயம். தமிழ்நாட்டில் நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம் முதலிய இடங்களில் உள்ள காவிரிப் படுகைக் கிணறுகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். இப்படுகையில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2020-இல் சட்டத்தின் மூலம் தடை விதித்தது.

ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் பாசர்லபூடி என்னும் ஊரில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு நிறுவனம் தோண்டிய கிணறு 1995 ஜனவரி 8 அன்று பீறிட்டுத் தீப்பற்றியது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே எழுந்த அந்தத் தீ 65 நாட்கள் எரிந்தது. சுற்றியுள்ள ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து மார்ச் 15 அன்று தீயை அடக்கினர்.

அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் பாக்ஜான் 5-ஆம் எண் கிணற்றில் நடந்தது இக்கட்டுரையோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையது. ஏறத்தாழ 3,870 மீட்டர் ஆழமுள்ள அக்கிணற்றில் 2020 மே மாதம் பழுதுபார்ப்பு வேலை நடந்தது. கிணற்றுக்குள் சிமென்ட் அடைப்பு இட்டபின் அது இறுகக் காத்திருக்க வேண்டும். இறுகியதா எனச் சோதித்த பிறகே கிணற்று வாயில் உள்ள பீறல் தடுப்பானைக் கழற்றலாம். போதிய நேரம் காத்திராமல், சோதித்து உறுதி செய்யாமல் தடுப்பான் கழற்றப்பட்டதைப் பின்னர் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. மே 27 அன்று எரிவாயு பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தனர். அருகிலுள்ள மாகுரி-மோட்டாபுங் சதுப்புநிலமும் வீடுகளும் தோட்டங்களும் சேதமுற்றன. பல்லாயிரம் பேர் முகாம்களில் தங்க நேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த வல்லுநர்களின் உதவியுடன் 2020 நவம்பர் 15 அன்றுதான் கிணறு முழுமையாக அடக்கப்பட்டது.